சாக்பீஸைத் தராதவள்

"எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆளே இல்லாத வீட்டுல பெறந்துட்டு, நீ ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போறியாக்கும்?" என்று எங்கள் ஊர் கோச்சடையில் பக்கத்து வீட்டு அத்தை ஒருநாள் கேட்டாள்.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். இரண்டு பஸ் மாறி, அலங்காநல்லூர் தாண்டி ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர வந்து நிற்கிறேன். தலைமையாசிரியை வருகைப்பதிவை ஆன்லைனில் ஏற்றுவதற்கு சிக்னல் தேடி, செல்போனோடு மைதானத்தில் நடக்கிறார். வேறு ஆசிரியர் இல்லை. இரண்டாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்கு நடத்துவது ஐந்தாம் வகுப்பு முத்துச்செல்வி. அவளுடைய சொந்தக் கணக்குப் புத்தகம் ஜன்னலில் மூடிக் கிடக்கிறது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"சாக்பீஸைக் குடு பாப்பா, இனி நான் எடுக்குறேன்."

கையைப் பின்னால் மறைத்துக்கொள்கிறாள். "எம்புட்டு நாளைக்கு டீச்சர்? முன்னாடி வந்தவுக பஸ்சு சரியில்லன்னு பத்தே நாள்ல போயிட்டாக. அப்புறம் இதுக எங்கிட்டதான் வந்து அழுகுதுக."

"நீ கொட்டுறதுக்குத்தான் அழுகுறோம்!" என்கிறாள் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி. வகுப்பே சிரிக்கிறது. முத்துச்செல்வி மட்டும் சிரிக்காமல் என்னையே பார்க்கிறாள்.

"உங்க ஊரு பால்பண்ணைக்கு மேல மாடி ரூம் இருக்குல்ல? அங்க பெட்டிய இறக்கி வச்சுட்டுத்தான் வாரேன்" என்கிறேன்.