பழகிப்போன காது

பேச்சுப் பயிற்சி மையத்தின் காவலாளிக்கு யார் குழறிப் பேசினாலும் புரிந்துவிடும். பன்னிரண்டு வருட வாசல் வேலை அப்படி. ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா, ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத ஆள் தேடியபோது இவர்தான் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு இரண்டு மொழிகளைக் கலந்து குழறிய பெரியவரின் பேச்சைக்கூட ஒரு சொல் விடாமல் எழுதினார்.

"உங்களுக்கு எல்லாமே புரியுதேண்ணே! வெளியாளுக்கு எவ்வளவு புரியுதுன்னுதான் நான் பாக்கணும்" என்று அவரை அனுப்பிவிட்டு, பாதிகூடப் புரியாத ஜெராக்ஸ் கடைக்காரரை டாக்டரம்மா சேர்த்துக்கொண்டார். காவலாளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுவாரம் டாக்டரம்மா கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு வந்து ஏதோ குழறினார். அறைச்சாவி கேட்கிறார் என்று காவலாளிக்கு உடனே புரிந்தது. சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இருங்கம்மா, ஜெராக்ஸ்காரரைக் கூட்டிட்டு வரேன்."