சனிக்கிழமைகளில் மட்டும் நின்றுபோன இன்வெர்ட்டர்

1. திரும்பத் திறந்த டிக்கெட்

திங்கட்கிழமை, பின்னேரம் நாலு மணி. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தவுடன் திரையில் அந்த நம்பர் வந்தது. சாம்பியாவில் ஒரு கிராமத்துக் கிளினிக். மூன்று கிழமைக்குள் மூன்றாவது முறை. முதல் இரண்டு தடவையும் அவர்களுடைய டிக்கெட்டை, அதாவது முறைப்பாட்டுப் பதிவை, மூடியவன் நான்தான். மூடிய டிக்கெட் திரும்பத் திறந்தால் எங்கள் வேலையில் அது பெரிய மானக்கேடு. எனக்குக் கோபம்தான் வந்தது.

நான் வேலை செய்தது மெல்பேர்னில், டண்டினொங்கில், சூரிய மின்சாரத்துக்கான இன்வெர்ட்டரும் பற்றரியும் விற்கிற ஒரு கம்பெனியில். எங்கள் மேசைக்கு வருவது தென் ஆபிரிக்காவிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள நாடுகளிலிருந்தும் வரும் அழைப்புகள். நமக்குப் பின்னேரம் நாலு மணி என்றால் அவர்களுக்குக் காலை எட்டு. போன வருடம் ஓய்வு பெற்றுவிட்டேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு உதவுமே என்று இதை எழுதுகிறேன். உதவாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள்.

பதினொரு வருடத்தில் அந்த நாடுகளின் மண்ணை நான் மிதித்ததில்லை. ஆனால் அங்கே எந்த வீட்டில் எப்போது சோறு வேகும் என்பது எனக்குத் தெரியும். ஜோஹனஸ்பேர்க்கில் லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்த நாட்களில், மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துத்தான் பிறந்தநாள் விழாவுக்கே நேரம் குறித்தார்கள். சாம்பியாவில் மழை பொய்த்து, அணையில் தண்ணீர் வற்றியபோது, அட்டவணை போடுவதற்கும் மின்சாரம் இல்லை. அதே கிழமை இங்கே மெல்பேர்னில், கிளென் வேவர்லியில் எங்கள் தெருவில் அரை மணி நேரம் கரண்ட் போனது. தெருக்காரரின் வாட்ஸப் குழுவில் எழுபது செய்தி வந்து விழுந்தது. ஒருவர், தன் மீன்தொட்டியின் மனநிலையைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதியிருந்தார்.

2. ஆறு நிமிடச் சட்டம்

எங்கள் டீம் லீட் கார்த்திக், கோயம்புத்தூர்ப் பிள்ளை. என் மகனைவிட ஒரு வயது இளையவன். தங்கமான பிள்ளை, ஆனால் கையில் எப்போதும் ஒரு ரிப்போர்ட் இருக்கும்.

"அண்ணா, ஒரு காலுக்கு ஆறு நிமிஷம். அதுக்கு மேல போனா ரிப்போர்ட்ல சிவப்பா வரும். சீரியல் நம்பர், எரர் கோட், செக்லிஸ்ட், அவ்ளோதான். பர்சனலா எதுவும் கேக்காதீங்க."

"ஓம் தம்பி, பாத்துக்கொள்ளுறன்."

யாழ்ப்பாணத்தானிடம் பர்சனலாக எதுவும் கேட்காதே என்றால் அவன் என்ன செய்வான்? ஒரு கலியாண வீட்டில் புதிதாக ஒருவரைக் கண்டால், அவர் கோப்பையைக் கையில் எடுக்க முதலே ஊர், ஒழுங்கை, தாய்வழி, தகப்பன்வழி எல்லாம் விசாரித்து முடித்துவிடுகிற சனம் நாங்கள். ஆனாலும் வேலையென்று வந்தால் வேறு ஆளாகிவிடுவோம். அந்த நாற்காலியில் இருக்கும்போது நான் என் ஊர்க்குணத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு, சுத்தமான மெஷினாக மாறியிருந்தேன். என் சராசரி நாலரை நிமிடம். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

இனி அந்தக் கிளினிக். அதன் பொறுப்புத் தாதியின் பெயர் சிஸ்டர் முத்தாலே. அங்கே எங்களுடைய மூன்று கிலோவாட் இன்வெர்ட்டர் ஒன்றுதான் மின்சாரம். அது நாலைந்து விளக்கையும், குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்து வைக்கிற ஒரு குளிர்சாதனப் பெட்டியையும் ஓட்டுகிறது. திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் இன்வெர்ட்டர் நின்று போயிருக்கும். பெட்டி சூடாகிக் கிடக்கும். மருந்தை எல்லாம் குப்பையில் கொட்டவேண்டும். ஊசி போடவென்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விடியவே நடந்து வந்த தாய்மாரைத் திருப்பி அனுப்பவேண்டும்.

முதல் இரண்டு தடவையும் செக்லிஸ்ட் படித்தேன். "கூடுதலாக ஏதாவது சாதனம் இணைத்திருக்கிறீர்களா?" "இல்லை." "சுவிட்ச் எல்லாம் சரியா?" "சரி." முதல் தடவை ரீசெட் செய்யச் சொன்னேன். இரண்டாம் தடவை "பற்றரி பலவீனம், புதியது அனுப்பவும்" என்று எழுதி டிக்கெட்டை மூடினேன். புதிய பற்றரி கப்பலில் போய்ச் சேர இரண்டு மாதமாகும். அது என் தலையிடி இல்லை என்று நினைத்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

3. சிஸ்டர் என்னை நிறுத்தியது

மூன்றாவது திங்கட்கிழமையும் நான் எடுத்தவுடன், "சீரியல் நம்பர் பிளீஸ்" என்றேன்.

சிஸ்டர் பேசியது ஆங்கிலம். ஆனால் அந்தக் குரல் எனக்கு எங்கள் தமிழிலேயே நினைவில் நிற்பதால் அப்படியே எழுதுகிறேன்.

"காலை வணக்கம். சுகமா இருக்கிறியளோ?"

"நல்ல சுகம். சீரியல் நம்பரைச் சொல்லுங்கோ."

"காலை வணக்கம்," என்றார் திரும்பவும். "வீட்டிலை எல்லாரும் சுகமோ?"

கடிகாரம் ஓடியது.

"ஐயா, மூண்டு தரம் என்னோடை கதைச்சிட்டியள். நான் சுகமோ எண்டு ஒருக்காலும் கேக்கேல்லை. இஞ்சை, பொலிஸ்காரன்கூட சுகம் விசாரிச்சிட்டுத்தான் பிடிச்சுக்கொண்டு போவான்."

முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. பிறகு அவர் சொன்னதுதான் என்னை உண்மையாகவே நிமிர்ந்து உட்காரவைத்தது. வியாழக்கிழமை மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து புது மருந்து வருகிறது. அதுவும் பழுதானால் இனி அந்தக் கிளினிக்கில் மருந்து வைக்கவே விடமாட்டார்களாம். பிறகு தாய்மார் ஊசிக்காக ஒரு நாள் முழுக்க நடந்து பட்டணத்துக்குப் போகவேண்டும். பாதிப் பேர் போகமாட்டார்கள் என்றார்.

என் பிழை எனக்கு விளங்கிவிட்டது. செக்லிஸ்டை ஒரு பக்கம் தள்ளி வைத்தேன். "மன்னிக்க வேணும் சிஸ்டர். சுகமா இருக்கிறியளோ? பிள்ளையள் எத்தினை பேர்?" என்று தொடங்கினேன்.

அடைத்து வைத்த தண்ணீர்க்குழாய் திறந்ததுபோல இரண்டு பேரும் கதைத்தோம். மூன்று பிள்ளைகள், மூத்தவள் ஆசிரியப் பயிற்சி. இந்தமுறை சோளம் கதிர் வைக்கவில்லை. மெல்பேர்ன் குளிரைப் பற்றி அவர் கேட்டார், நான் அழாத குறையாகச் சொன்னேன். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கார்த்திக் விரலால் நிமிடம் காட்டத் தொடங்கினான். ஒரு கை விரல்கள் போதாமல், இரண்டு கையும் போதாமல், கடைசியில் கையை விரித்துவிட்டான்.

"சனி ஞாயிறிலை என்ன செய்வியள் சிஸ்டர்?"

"ஞாயிறு தேவாலயம். நான் பாடகர் குழுவிலை பாடுறனான். எங்கடை வெள்ளைச் சட்டையளைப் பாத்தா நீங்கள் அசந்து போவியள். ஒரு சுருக்கம் இருக்காது."

நான் அப்படியே நிமிர்ந்தேன். மின்சாரமே இல்லாத ஊர். சுருக்கம் இல்லாத சட்டை.

"சட்டையளை எங்கை வைச்சு இஸ்திரி போடுறனீங்கள்?"

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"கிளினிக்கின்ரை பின்னறையிலை," என்றார் மெதுவாக. "சனிக்கிழமை பின்னேரம். முந்தி ஒரு பெட்டி, இப்ப மூண்டு கிழமையா ரெண்டு. ஊரிலை கரண்ட் உள்ள இடம் வேறை எங்கை இருக்கு?"

இரண்டு இஸ்திரிப் பெட்டி சேர்ந்தால் நாலு கிலோவாட். எங்கள் இன்வெர்ட்டர் மூன்று. ஓவர்லோட் ஆகி நிற்கும், தானாக மூன்று தடவை எழும்பிப் பார்க்கும், பிறகு யாராவது ரீசெட் செய்யும்வரை பூட்டிக்கொண்டுவிடும். சிஸ்டர் சமையலுக்காக முன்னரே வீட்டுக்குப் போய்விடுவார். மற்றப் பெண்கள் பெட்டி ஆறிப்போனதும் 'இன்றைக்கு வெயில் போதாது' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்களாம்.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே?"

"முகம் தெரியாத ஒரு ஆள், வணக்கமும் சொல்லாமல், 'என்ன களவாய்ப் பூட்டி வைச்சிருக்கிறாய்' எண்ட மாதிரிக் கேட்டால், என்ரை ஆக்களை நான் காட்டிக்குடுப்பனோ?"

நியாயம்தான். நானும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டேன்.

பிறகு பேச்சுவார்த்தை. ஒரு பெட்டி மட்டும், அதுவும் நடுப்பகலில் என்றேன். பதினெட்டுப் பேருக்கு ஒரு பெட்டியா, குழு இரண்டாக உடைந்துவிடும் என்றார். கரி போட்டுச் சூடாக்குகிற கரிப்பெட்டி இல்லையா என்றேன். இருக்கிறது, ஆனால் போன வருடம் அதன் பொறி விழுந்து குழுத் தலைவரின் கொலரில் ஓட்டை, அந்த மனுசன் இன்னும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை என்றார். கடைசியில் பெண்களுக்கு மின்பெட்டி, ஆண்களுக்குக் கரிப்பெட்டி என்று முடிவானது. பின்னறைச் சாவி இனி சிஸ்டரிடம். கடைசியாகப் போகிறவர் இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தவேண்டும்.

ஹெட்செட்டைக் கழற்றினேன். முப்பத்தெட்டு நிமிடம்.

"அண்ணா, என்னண்ணா இது? சொந்தக்காரங்களா?" என்றான் கார்த்திக்.

"இனித்தான் தம்பி," என்றேன்.

4. நானாக எடுத்த அழைப்பு

அந்தச் சனிக்கிழமை எனக்கு நிம்மதியில்லை. இரவுச் சாப்பாட்டு மேசையில், "இப்ப அங்கை மத்தியானமாகப்போகுது, இனி உடுப்புகளை எடுப்பினம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மனைவி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

திங்கள் நாலு மணிக்கு நம்பர் வரவில்லை. வராதது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? மருந்தை ஏற்கெனவே திருப்பி எடுத்துவிட்டார்களோ? டிக்கெட் இல்லாமல் நாங்களாக வெளியே அழைக்கக்கூடாது. ஆறு மணிவரை பொறுத்தேன். பிறகு அழைத்தேன்.

"காலை வணக்கம் சிஸ்டர். சுகமா இருக்கிறியளோ?" முதலில் பிள்ளைகளை விசாரித்தேன். பிறகு மகளின் படிப்பு, பிறகு குழுத் தலைவரின் கொலர். மருந்தைப் பற்றித்தான் முதலில் கேட்கவேண்டும்போல இருந்தது, ஆனாலும் ஒன்றையும் விடவில்லை. சுகம் விசாரிப்பது நேரத்தை வீணாக்குவது என்று பத்து வருடமாக நினைத்திருந்தேன். எங்கள் வேலையில் முதல் சோதனையே அதுதான், பிள்ளைகளே. மனிதர் வாய் திறந்தால்தான் மெஷினின் நோய் வெளியே வரும்.

சிஸ்டர் எல்லாவற்றுக்கும் ஆறுதலாகப் பதில் சொன்னார். பிறகு, "கொஞ்சம் பொறுங்கோ, இதைக் கேளுங்கோ" என்று போனை எங்கேயோ நீட்டிப் பிடித்தார்.

கத்தல். முப்பது குழந்தைகளாவது இருக்கும். ஊசி போட்ட கோபத்தில், தொண்டை கிழிய, ஒன்றையொன்று முந்திக்கொண்டு கத்தின.

அந்த ஹெட்செட்டில் பதினொரு வருடமாக எத்தனையோ பேர் என்னைக் கத்தி ஏசியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் என் கை தானாகச் சத்தத்தைக் குறைக்கப் போகும். அன்று முதல்முறையாகக் கூட்டி வைத்தேன்.