தறிக்குழியில் அம்மாவின் கால்

என் அம்மாவின் சர்க்கரை நோயைப் பற்றி எங்கள் தெருவில் கருத்து இல்லாத ஆள் கிடையாது. வெந்தயத்தை ஊறவைத்துக் குடிக்கச் சொன்னார்கள். ஆவாரம்பூவைக் கொதிக்கவைக்கச் சொன்னார்கள். அரிசியை விட்டுவிட்டுக் கேழ்வரகுக்கு மாறச் சொன்னார்கள். விடியற்காலையில் வெறுங்காலோடு புல்லில் நடந்தால் சர்க்கரை தானாக இறங்கும் என்றார்கள். கடைசியாகச் சொன்னவர்களை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. பாதம் மரத்துப்போன ஒரு பெண்ணை வெறுங்காலோடு நடக்கச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இவர்களில் ஒருவரும் அவள் காலைப் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை அவள் கால்கள் தறிக்குழிக்குள் இருந்தன.

எங்கள் வீட்டில் இரண்டு பட்டுத்தறிகள். இரண்டும் குழித்தறிகள். நெய்கிறவர் தரையின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு, அங்கே கயிற்றில் தொங்கும் மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். ஒரு தறியில் அம்மா. இன்னொன்றில் அத்தை, அப்பாவின் அக்கா. அப்பா இறந்த பிறகு வீட்டில் அத்தை வைத்ததுதான் சட்டம். நெய்வதிலும் சரி, திட்டுவதிலும் சரி, அந்தத் தெருவில் அவளுக்கு ஈடு இல்லை.

இந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் கல்லூரியும் முடித்தேன். அதை அடக்கமாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வராது. செய்யார் தொழிற்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. காலையில் கம்பெனி பஸ் ஏறினால், நாள் முழுக்க யாரோ ஒரு வெள்ளைக்காரனின் குதிகால் நோகக் கூடாது என்று தையலைத் தடவிப் பார்ப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா கால் ஆணியை பிளேடால் சீவிக்கொண்டிருப்பாள். பிளேடைப் பிடுங்கி எறிந்த அன்றுதான் எங்கள் வீட்டில் சண்டை தொடங்கியது.

முதல் சண்டை சாப்பாட்டில். தறியில் உட்கார்ந்தவர்களுக்கு மணிக்கொரு டீ வேண்டும், சர்க்கரை தூக்கலாக. மதியச் சாப்பாடு எப்போது என்பதைப் பூ வேலைப்பாடு எங்கே நிற்கிறது என்பதுதான் முடிவு செய்யும். பசி முற்றிய பிறகு ஒரு மலை சோறு, மேலே கொஞ்சம் குழம்பு. நான் அதைத் திருப்பிப் போட்டேன். நேரத்துக்குச் சாப்பாடு, சோறு ஒரு கரண்டி, தட்டில் பாதிக்குக் கீரையோ காயோ, கூட ஒரு முட்டை அல்லது சுண்டல். கேழ்வரகுக் கூழைச் சொம்பு சொம்பாகக் குடித்தால் அதுவும் சர்க்கரையை ஏற்றும் என்று சொன்னபோது அத்தை தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்திவிட்டாள்.

“கேவுரு கூழும் ஆவாதா? அப்ப இன்னாதான்டி துன்றது? சோத்தக் கண்ணால பாத்துட்டு எழுந்துக்கணுமா?”

“அளவா சாப்பிடச் சொன்னேன் அத்தை.”

“அளவு! இவ அப்பன் ரெண்டு படி அரிசி துன்னுட்டுத்தான் நெய்தான். அவனுக்கு யாரு அளந்து போட்டா?”

அப்பா ஐம்பது வயதைப் பார்க்கவில்லை. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது சண்டை நடைக்கு. கோட்டை மைதானத்தில் காலையில் ஊரே கையை வீசிக்கொண்டு சுற்றும். அம்மாவை அங்கே கூப்பிட்டால் அவளிடம் ஒரே பதில்.

“பொழுதுக்கும் மிதிச்சிகினுதானே கீறேன்? இதுக்கு மேல இன்னா நடை? அங்க சுத்தறவங்கள வந்து என் தறியில ஒரு முழம் நெய்யச் சொல்லு.”

“உக்காந்த எடத்துலதானே மிதிக்கிற? எழுந்து நட.”

“நடந்தா புடவை யாரு முடிப்பா? உங்க கம்பெனியா?”

அவள் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு அதிக எரிச்சல். ஆனால் கணுக்காலை மட்டும் ஆட்டிக்கொண்டு நாள் முழுக்க முதுகு வளைந்து உட்கார்ந்திருப்பது நடையாகாது. கடைசியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருக்கோடி வரை போய்வரச் சம்மதித்தாள். அதையும் கடைக்குப் போகிற மாதிரி ஒரு பையை எடுத்துக்கொண்டுதான் போவாள்.

மூன்றாவதுதான் பெரிய சண்டை. அது செருப்பில் வந்தது.

அம்மாவின் பாதத்தை நுனி மழுங்கிய ஒரு மெல்லிய நைலான் இழையால், சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா தொட்டுப் பார்த்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும். அவர் தொட்டுக்கொண்டே இருந்தார். அம்மா வாயைத் திறக்கவே இல்லை. “இனிமே வீட்டுக்குள்ளயும் வெறுங்கால் கூடாது. தினமும் யாராவது பாதத்தைத் திருப்பிப் பாக்கணும். கழுவிட்டு விரலிடுக்குல ஈரம் இல்லாம துடைங்க. சூடு கிட்ட காலைக் கொண்டுபோகாதீங்க, சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது” என்றார். அடிப்பாகம் மெத்தென்று இருக்கும் செருப்பு ஒன்றை அன்றே வாங்கினேன்.

அம்மா அதைப் போட்டுக்கொண்டு தறி அறைக்குள் ஒரு கால் வைத்தாள். அத்தை போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

“தறி மேல செருப்பா? பட்டு குடுக்கற முதலாளியே வாசல்ல கழட்டிட்டுத்தான் உள்ள வரான். நீ இன்னா அவனுக்கு மேலயா? குழில எறங்கசொல்ல தொட்டுக் கும்பிடறியே, அதுலயே செருப்பால மிதிப்பியா?”

அம்மா காலை வெளியே எடுத்துக்கொண்டாள். நான் எவ்வளவோ பேசினேன். பக்தி வேறு, பாதம் வேறு என்றேன். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவைப் பார்த்து, “பொண்ண படிக்க வெச்சியே, நல்லா அனுபவி” என்றாள். அதோடு அந்தச் செருப்பு வாசலில் கிடந்தது. தெருக்கோடி வரை போகும் கொஞ்ச நேரம் மட்டும் அம்மாவின் பாதத்துக்குப் பாதுகாப்பு. மற்ற நேரமெல்லாம் வெறுங்கால், குழிக்குள்.

காலைக் காட்டச் சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும். “பெத்தவ கால பொண்ணு ஆராய்ச்சி பண்ணுமா? போடி.” புடவையை இழுத்து மூடிக்கொள்வாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மழை நாளில் குழிக்குள் ஈரம் ஏறும். தறியில் நீளவாக்கில் கட்டிய பட்டுப் பாவு நமுத்து, இழையோடு இழை ஒட்டும், அறும். அம்மாவின் தறியில் அப்போது கல்யாணப் புடவை ஒன்று ஏறியிருந்தது. பாவு காய வேண்டும் என்று அத்தை ஒரு குண்டு பல்பை ஒயரில் கட்டிக் குழிக்குள் தொங்கவிட்டாள். மழைக்காலத்தில் எங்கள் பக்கத்தில் பலரும் செய்வதுதான். அதனால் நானும் பார்த்துவிட்டுச் சும்மா கம்பெனிக்குப் போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். புடவையை முழங்கால் வரை செருகியிருந்தாள். வலது பாதத்தின் வெளிப்பக்கம், சுண்டுவிரலுக்குக் கீழே, ஒரு கொப்புளம் உடைந்து தோல் தொங்கியது. நடுவில் வெள்ளையாக இருந்தது. சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது. அதில்தான் பாத்திரம் துலக்கிய தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னாம்மா இது?”

அவளும் குனிந்து பார்த்தாள். முதல்முறை பார்க்கிற மாதிரிதான் பார்த்தாள். “செருப்பு கடிச்சிருக்கும்.”

அத்தை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அது போதும். “பாத்தியா? வெறுங்கால்ல இருந்தவரைக்கும் ஒண்ணும் இல்ல. மகாராணி செருப்பு வாங்கியாந்தா, கால் போச்சு. சொன்னா கேக்கறீங்களா?”

செருப்புக் கடி எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் வேலையே அதுதான். அம்மாவின் செருப்பை எடுத்துவந்து அவள் காலில் மாட்டிப் பார்த்தேன். வார் அந்த இடத்தைத் தொடவே இல்லை. தெருவில் எங்கேயும் அவள் இடித்துக்கொள்ளவில்லை. அடுப்பு உயரத்தில் இருக்கிறது. மிச்சம் இருந்த ஒரே இடம் குழி.

தறி அறைக்குப் போய் அம்மாவின் இடத்தில் உட்கார்ந்து குழிக்குள் காலை விட்டேன். பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. வலது மிதியை அழுத்தினேன். மிதி கீழே போகப் பாதம் வெளிப்பக்கமாகச் சரிந்து பல்பின் மீது போய்ப் பட்டது. சுரீரென்றது. அலறிக்கொண்டு காலை இழுத்தேன். சுண்டுவிரலுக்குக் கீழே, அதே இடம். அம்மா எத்தனை நாளாக ஒவ்வொரு மிதிக்கும் அந்தச் சூட்டில் காலை வைத்தாளோ! பக்கத்துத் தறியில் இருந்த அத்தைக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கே தெரியவில்லை.

ஒயரைப் பிடித்து இழுத்துப் பல்பை வெளியே எடுத்தேன். அத்தை ஓடிவந்தாள்.

“ஏய், பாவு நமுத்துடும்டி!”

“நமுக்கட்டும். அம்மா கால் வெந்துபோயிருக்கு. நீங்க கட்டுன பல்புல.”

“நான் இன்னா அவள சுடணும்னா கட்டுனேன்? சுட்டா சொல்ல மாட்டாளா? வாயில்லையா அவளுக்கு?”

“அவளுக்கு வலிக்காது அத்தை. அதத்தானே நாலு மாசமா கத்திகினு இருக்கேன்!”

அத்தை என் கையிலிருந்த ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி மூலையில் போட்டாள்.

டாக்டரம்மா புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். எலும்பு வரை போகவில்லை, போனால் விரலை எடுக்க வேண்டிவரும் என்றார். ஆறும்வரை அந்தக் காலில் அழுத்தம் கூடாது. மிதிக்கவே கூடாது. அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வீட்டுக்கு வரும் வழியில் ஷேர் ஆட்டோவில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “முகூர்த்தப் புடவை பாதில நிக்குதே?”

மூன்று நாள் பொறுத்தாள். நான்காம் நாள் ஷிப்ட் முடிந்து வந்தபோது தெருமுனையிலேயே எங்கள் தறிச் சத்தம் கேட்டது. இரண்டு தறியின் சத்தம். உள்ளே அம்மா கட்டுப் போட்ட காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். கட்டின் ஓரம் ஈரமாக இருந்தது. அத்தை பக்கத்துத் தறியில் ஒன்றும் அறியாதவள் போல நெய்தாள்.

“எழுந்துரும்மா.”

“ஒரு முழம்தான். முந்தானை முடிச்சிட்டு எழுந்துக்கறேன்.”

“எழுந்துரு.”

“கல்யாண வீட்டுப் பொருள்டி. பாதில போட்டா அபசகுனம். உனக்கு இதெல்லாம் தெரியாது, கம்முனு போ.”

நான் கம்மென்று போகவில்லை. அறுந்த இழையை வெட்ட வைத்திருக்கும் கத்தரிக்கோல் அவள் பக்கத்திலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு குழிக்குள் குதித்தேன். அதுவும் கம்பெனிக்குப் போட்ட ஷூவோடு. மிதிகளைக் கட்டியிருந்த கயிறுகளை ஒன்றுவிடாமல் அறுத்தேன். மிதிகள் குழியின் தரையில் விழுந்தன. புடவையில் ஒரு இழைகூட அறவில்லை. அந்த அளவுக்கு எனக்கும் தறி தெரியும்.

அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள். “தறியையே அறுத்தாளே! இவ உருப்படுவாளா?”

“நீங்க கட்டுனா மறுபடியும் அறுப்பேன்” என்றேன்.

அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். அடிக்கவில்லை. அன்றிலிருந்து என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். மாத்திரையை நான் கொடுத்தால் வாங்கமாட்டாள், சமையல் மேடைமீது வைத்துவிட்டு நகர்ந்தால் எடுத்துப் போட்டுக்கொள்வாள். கட்டு மாற்ற நான்தான் கூட்டிப்போவேன். ஆட்டோவில் அந்தக் கோடியில் அவள், இந்தக் கோடியில் நான்.

அறுத்த கயிறுகளை அத்தை இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் புதுக்கயிறு போட்டுக் கட்டி, தானே அந்தத் தறியில் உட்கார்ந்து, என்னையும் என் படிப்பையும் என் கம்பெனியையும் வரிசையாகத் திட்டிக்கொண்டே புடவையை முடித்தாள். நேர்த்தியாகத்தான் நெய்திருந்தாள். நான் பாராட்டவில்லை.

புண் ஆற மார்கழி பாதி ஆகிவிட்டது. விரல் தப்பியது. இனி தறியில் உட்காரலாமா என்று அம்மா டாக்டரம்மாவிடம் கேட்டாள். பாதத்தை மூடாமல் கூடவே கூடாது என்றார் அவர். செருப்பு என்ற பேச்சை நான் எடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “செருப்பு ஆவாது. வேற சொல்லுங்க.” மெத்தையாக இருக்கும் பருத்தி சாக்ஸாவது போடட்டும் என்று அவர் இறங்கிவந்தார். போதாதுதான். ஆனால் அதற்கு மேல் அவள் நகரமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

தடிமனான வெள்ளை சாக்ஸ் நான்கு ஜோடி வாங்கி வந்தேன். கறுப்பு வாங்கியிருந்தால் அழுக்கு தெரியாது என்றாள் அத்தை. தை பிறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அம்மா தறியைத் தொட்டுக் கும்பிட்டு, சாக்ஸை மாட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள்.

“பள்ளிக்கோடம் போற வயசா அண்ணி எனக்கு?” என்று அத்தையிடம் கேட்டாள்.

“உன் பொண்ணு போனது போதாதுன்னு உன்னயும் அனுப்பறா” என்றாள் அத்தை. இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னைக் கூட்டிக்கொள்ளவில்லை.

மிதிகளின் மேல் பழைய பருத்தித் துணி சுற்றினேன். குழிச்சுவரில் ஆணியோ சிராயோ இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தேன். அம்மா நகராமல், நான் முடிக்கும்வரை மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். பேச்சு நின்ற பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

“இதுக்கு மேல வாயத் தொறந்த, இதையும் கழட்டி வீசிடுவேன்.”

இன்றும் அவள் எனக்குப் பாதத்தைக் காட்டுவதில்லை. சாயங்காலம் சாக்ஸைக் கழற்றிக் குழாயடியில் போட்டுவிட்டுப் போய்விடுவாள். கம்பெனியிலிருந்து வந்ததும் முதல் வேலையாக அதை எடுக்கிறேன். உள்பக்கத்தை வெளியே திருப்பி, குதிகால், விரல் நுனி, சுண்டுவிரலின் கீழ்ப்பக்கம் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு நீர் கசிந்திருந்தாலும் கறை தெரியும். ஒன்றும் இல்லை என்றால் துவைத்துக் காயப்போடுகிறேன்.