அப்பாவிடம் நான் சொல்லாத ஐந்து நாள்

தொண்ணூறுகளின் பிற்பகுதி. எனக்கு ஓசூரில் கம்பெனி வேலை. வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, ஒருநாள் ஜன்னலைக் காட்டி, "கம்பியெல்லாம் நெளியுதுடா" என்றார். கம்பி நேராகத்தான் இருந்தது. ஒரு கண்ணில் பார்வை ஏற்கெனவே போயிருந்தது. மிச்சமிருந்த கண்ணும் அதே வழியில் கிளம்பிவிட்டது.

பெங்களூருக்கு அழைத்துப் போனேன். டாக்டருக்குத் தமிழ் வராது. அப்பாவுக்குத் தெலுங்கு வரும், கன்னடம் வராது. கம்பெனியில் கற்ற கன்னடத்தோடு நடுவில் நான். வயதானதால் விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். கதிர்வீச்சு கொடுத்துப் பார்க்கலாம், ஐந்து நாள் வந்தால் போதும். புது முறை, பலிக்கும் என்று உறுதி இல்லை, ஆனால் தள்ளிப்போடக் கூடாது. கொடுக்கும் இடம் புற்றுநோய் ஆஸ்பத்திரி.

கதிர்வீச்சு கொடுப்பதற்கு எங்கள் பக்கம் பெயர் 'கரண்ட் வைக்கிறது'. கரண்ட் வைத்தால் புற்று, புற்று என்றால் பரம்பரை வியாதி. தங்கைக்கு ஊத்தங்கரையில் நிச்சயம் முடிந்து, கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குச் சேதி போனால்? ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

"என்னடா சொல்றாரு?" என்றார் அப்பா.

"சொட்டு மருந்து போதுமாம்ப்பா. வயசானா இப்பிடித்தானாம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். டாக்டரிடம், யோசித்துச் சொல்கிறோம் என்றேன். யோசிக்க வேண்டியவர் பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. தாலி கட்டும்போது அப்பா தலையை ஒருபக்கமாகத் திருப்பித் திருப்பி, ஓரக்கண்ணால் மகளின் முகத்தைத் தேடினார். நேரே பார்த்தால் முகம் இருக்கும் இடத்தில் கறுப்பாக ஒரு திட்டுதான் தெரிந்ததாம். மறுமாதம் போனபோது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார் டாக்டர். அதை மட்டும் ஒழுங்காகத் தமிழில் சொன்னேன்.

சில வருடம் கழித்து வேறொரு கண் டாக்டரிடம் பேச்சுக்கொடுத்தேன். அந்தக் கதிர்வீச்சை இப்போது யாரும் பெரிதாக நம்புவதில்லை என்றார். பாரம் இறங்கின மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்த கையோடு அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "குடுத்திருந்தாலும் பலிச்சிருக்காதாம்ப்பா" என்று முடித்தேன்.

அப்பா என் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"பலிக்காதுன்னு அன்னிக்கே உனக்குத் தெரியுமாடா?"