தொட்டியின் அடியில் ஒரு திருகு

தாம்பரத்திலிருந்து படப்பை போகும் சாலையில், ஆலைகளுக்கு மரப்பெட்டி அடித்துக் கொடுக்கும் ஒரு ஷெட்டில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் முதலாளி காற்றில் இயங்கும் ஆணித் துப்பாக்கி ஒன்றை வாங்கி வந்தார். கம்ப்ரசரிலிருந்து குழாயை மாட்டி, முனையைப் பலகையில் அழுத்தி விசையை இழுத்தால் ஆணி ஒரே அடியில் இறங்கிவிடும். அதை மூத்த தச்சரிடம் ஒப்படைத்தார். அன்றே என் சந்தேகம் தொடங்கியது. இருபது வருடம் சுத்தியல் பிடித்தவர், நாலு பேர் வேலையைச் செய்யும் ஒரு கருவியை நல்லபடியாக வைத்துக்கொள்வாரா?

அவரைக் கவனித்தபடியே இருந்தேன். ஆயுத பூஜையன்று உளிக்கும் சுத்தியலுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர், துப்பாக்கிக்கு மட்டும் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"குங்குமம் உள்ள பூந்துக்கும் சார். அப்பால சாமியே வந்து ஆணி அடிச்சாத்தான் உண்டு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு மாலை, கிளம்பிய பிறகு குடையை மறந்தது நினைவு வந்து திரும்பினேன். அவர் கம்ப்ரசர் பக்கத்தில் குந்தியிருந்தார். அதன் காற்றுத் தொட்டியின் அடியிலிருந்த திருகு திறந்திருந்தது. உஸ்ஸென்று காற்று போய்க்கொண்டிருந்தது.

"என்னப்பா பண்றே?"

"தண்ணி எடுக்கறேன் சார். டெய்லி எடுக்கணும்."

"காத்து அடைக்கிற தொட்டியில தண்ணி எங்கேர்ந்து வரும்? யார்கிட்ட கதை விடறே?"

"சின்ன வயசுல டயர் கடைல காத்து அடிச்சவன் சார் நானு. நீங்க படிச்சவரு. கைய வச்சிப் பாருங்க."

தரை ஏற்கெனவே மழையில் நனைந்திருந்ததால், தொட்டியிலிருந்து தண்ணீர் வந்ததா என்று தெரியவில்லை. நான் கையை வைக்கவில்லை. மறுநாள் காலை அந்தத் திருகைக் கம்பியால் முறுக்கிக் கட்டினேன். கம்ப்ரசரை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டேன்.

இரண்டு வாரத்தில் துப்பாக்கி திணறத் தொடங்கியது. ஆணிகள் பாதியில் நின்றன. பிறகு அடிக்கவே இல்லை. "வேண்டுமென்றே கெடுக்கிறார், என் கண்ணால் பார்த்தேன்" என்று முதலாளியிடம் சொன்னேன். அன்றே தச்சரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தன் சுத்தியலையும் உளிகளையும் துணியில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அந்தக் கம்பிய அவுத்துடுங்க சார். துப்பாக்கி இன்னா பண்ணுச்சு, பாவம்."

மெக்கானிக் வந்த அன்று முதலாளி ஊரில் இல்லை. அவன் கம்பியை வெட்டித் திருகைத் திறந்தான். டீ நிறத்தில் தண்ணீர் கொட்டியது, அரை வாளிக்குக் குறையாது. துப்பாக்கியின் உள்ளே துரு.

"மழைக்காத்துல ஈரம் கீது சார். அழுத்தி அடைச்சா தண்ணியா நின்னுக்கும். எந்தப் புத்திசாலி இத்தக் கட்டி வச்சது?"

நான் இயற்பியலில் பட்டம் வாங்கியவன். வெட்டிய கம்பியைக் காலால் ஒதுக்கினேன்.

தச்சரின் வீடு அஸ்தினாபுரத்தில் என்று எனக்குத் தெரியும். போகவில்லை. அவர் திரும்பி வந்தால், கண்ணால் என்ன பார்த்தீர்கள் என்று முதலாளி என்னைக் கேட்பார். அந்தப் பயம்தான் காரணம், வேறொன்றுமில்லை.

அதன்பின் தினமும் மாலையில் நானே திருகைத் திறந்தேன். ஒருநாள் முதலாளி பார்த்துவிட்டார்.

"பரவாயில்லையே சார், இவ்வளவு பொறுப்பா பாத்துக்கறீங்க. யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

தண்ணீர் என் செருப்பின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"மெக்கானிக்" என்றேன்.