ரஹ்மத் பீவியின் பொட்டு வைத்த பை

போன வாரம் காலையில் பஸ் நிலையத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். கீழக்கரையிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் படியில் நின்றபடியே என்னைப் பார்த்துக் கூப்பிட்டார். "கிளார்க்கய்யா, ஒங்க நர்சம்மா மௌத்தாயிட்டாக. நாலு நாள் காய்ச்சலாம். நேத்து சாயந்தரம் அஸர் தொழுகைக்கே அடக்கியாச்சு." சொல்லிவிட்டு விசிலை ஊதினார். பஸ் போய்விட்டது. கடைக்காரர் டம்ளரை என் கையிலிருந்து வாங்கி வைத்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

நர்சம்மா ரஹ்மத் பீவியை அறிந்தவர்கள் இந்தக் கடற்கரையில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களில் பாதிப் பேரின் பிள்ளைகளை முதலில் தொட்ட கை அவருடையது. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அழுவதற்காக எழுதவில்லை. எனக்கு வயிறு எரிகிறது.

செய்தி வந்த மூன்றாம் நாள் எங்கள் தாய்சேய் நல நிலையத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். தலைமை தாங்கியவர் முன்பு இங்கே மருத்துவராக இருந்தவர். இப்போது மாவட்டத்தில் பெரிய பதவியில் இருக்கிறார். பெயர் வேண்டாம், டாக்டர் என்றே சொல்கிறேன். நர்சம்மாவுக்குத் தனியாக எடுத்த படம் எதுவும் கிடையாது. ஆகவே பலர் சேர்ந்து நிற்கும் பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்து, அவர் நிற்கிற பகுதியை மட்டும் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள். படத்தில் அவர் ஓர் அலுமினியப் பெட்டியைக் கையில் வாங்குகிறார். "தன்னலம் கருதாத தாய்" என்று நாக்கூசாமல் பேசினார் டாக்டர். அந்தப் பெட்டியை, படம் எடுத்த இரண்டாவது நிமிடத்தில் அவர் கையிலிருந்து திரும்ப வாங்கச் சொன்னவர் இதே மனிதர்தான். வாங்கியது நான். பிறகு பேச என்னைக் கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்று கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பெட்டியின் கதையைச் சொல்லியாக வேண்டும். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் கழித்து, கடல் கடந்த ஒரு நாட்டிலிருந்து, பிரசவத்தில் தாய்மார் சாகக் கூடாது என்று ஒரு சங்கத்தார் அனுப்பியவை அவை. மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் கத்தரிக்கோல், தொப்புள்கொடி கட்டும் நாடா, சோப்பு, நகம் தேய்க்கும் பிரஷ், கிண்ணம், பஞ்சு, விரிக்க ஒரு ரப்பர் துணி. கிராமத்து மருத்துவச்சிகளுக்குக் கொடுக்க வேண்டியவை. அவர்கள் அதுவரை கொடியை அரிவாளாலும் சவரக்கத்தியாலும் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னி கண்டு பெண்கள் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். அந்தச் சங்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்தார், நர்சம்மா கையில் ஒரு பெட்டியைக் கொடுத்தார், படம் எடுத்தார்கள், மோர் குடித்துவிட்டுப் போனார். பெரிய மனிதர் ஒருவரை அழைத்து விழா வைத்து முறைப்படி கொடுக்கலாம், அதுவரை சீல் உடைக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு போட்டார். பெரிய மனிதருக்கு நாள் ஒழியவே இல்லை. மாதக்கணக்கில் கப்பலில் வந்த பெட்டி எங்கள் ஸ்டோர் ரூம் வாசற்படியைத் தாண்டவில்லை. சாவி என் இடுப்பில்.

வாரத்துக்கு ஒரு முறை நர்சம்மா என் மேஜை முன் வந்து நிற்பார். கருப்புக் குடை, தலையை மூடிய வெள்ளை முந்தானை, ஒரு தோல் பை. அவருடைய வாப்பா வீட்டார் இந்த வேலைக்கு வந்ததற்காக அவரோடு ஏழு வருஷம் பேசாமல் இருந்தார்கள். அதைக்கூடச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். "என்ன கிளார்க்கய்யா, நம்ம பெட்டியெல்லாம் சொகமா இருக்கா? காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணுமில்லையே?" என்பார். "விழா நடக்கட்டும் நர்சம்மா" என்பேன். "விழாவுக்குக் காத்திருக்கச் சொல்லி வகுத்துப் புள்ளைட்ட யாரு சொல்றது? நீங்க ஒரு கடுதாசி போட்டுருங்க" என்பார். நான் சிரிப்பேன். அப்போது எனக்கு அது வேடிக்கைப் பேச்சு.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. அலுவலகத்தில் எப்போதும் செய்வதுதான். ஸ்டோர் ரூமில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பு, என் டைப்ரைட்டர், ஊசிகள், பன்னிரண்டு பெட்டிகள் எல்லாவற்றையும் அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். எல்லோரும் தம் கருவியை வைக்க வேண்டும் என்றார் டாக்டர். நர்சம்மாவும் தன் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். "உங்க சாமி முன்னால வைக்கிறதுல எனக்கு ஒரு சங்கடமும் இல்ல. நடுவுல யாரும் வலின்னு வந்துட்டா?" என்று மட்டும் கேட்டார். "இன்னைக்கு ஒரு நாள் எவளும் பெத்துக்க மாட்டா" என்று டாக்டர் சொன்னார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும்தான். கற்பூரம் காட்டி, பொரி கடலை பங்கிட்டு, கதவைப் பூட்டினேன். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபடி கற்பூரம் காட்டித்தான் எடுக்க வேண்டும். என் அய்யா காலத்திலிருந்து அப்படித்தான். டாக்டர் விடுமுறைக்கு மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டார்.

மத்தியானம் மீன்பிடிக் குடியிருப்பிலிருந்து முனியசாமி ஓடி வந்தார். அவருடைய மனைவி காளியம்மாளுக்கு வலி கண்டு வெகுநேரம் ஆகியிருந்தது. நர்சம்மா என்னிடம் வந்து கையை நீட்டினார்.

"கதவைத் தெறங்க. பைய எடுக்கணும்."

"பூஜையில வச்சாச்சே நர்சம்மா. எடுத்தா தோஷம். காலையில முத வேலையா எடுத்துத் தாரேன்."

"அங்கன பூஜையில இருக்கிறது கத்தரிக்கோலு. இங்கன வலியில கெடக்கிறது பொம்பளை. எது பெருசுன்னு ஒங்க சாமிட்டயே கேளுங்க."

நான் இடுப்பிலிருந்து சாவியை எடுக்கவில்லை. டாக்டருக்குப் பயந்தேனா, சாமிக்குப் பயந்தேனா என்று இன்று வரை எனக்கே சரியாகத் தெரியாது. அவர் ஒரு நிமிஷம் பூட்டையே பார்த்தார். பிறகு குடையைக்கூட எடுக்காமல் வெயிலில் முனியசாமியோடு போய்விட்டார்.

பிள்ளை பிறந்தது. பெண். அரிவாள்மனையைக் கொதிக்க வைத்துக் கொடியை அறுத்தார் நர்சம்மா. அதற்குப் பிறகு காளியம்மாளுக்கு இரத்தம் நிற்கவில்லை. அதை நிறுத்தப் போடுகிற ஊசி பையில் இருந்தது. பை சரஸ்வதிக்கு முன்னால் இருந்தது. வயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு முனியசாமியை மறுபடி என்னிடம் விரட்டியிருக்கிறார். அந்த மனிதர் வேட்டியெல்லாம் இரத்தத்தோடு அலுவலக வாசலில் வந்து விழுந்து, "அய்யா, பைய குடுங்கய்யா" என்றார். அப்போது திறந்தேன். ஒரு நொடியில் திறந்தேன்! தோஷமும் இல்லை, தடையும் இல்லை. எந்தச் சாமியும் என் கையைப் பிடிக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு அவரோடு நானும் மணலில் ஓடினேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நர்சம்மா உயிர் அடங்கிவிட்ட காளியம்மாளின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெயில் இன்னும் இறங்கவில்லை. என் கையிலிருந்த பையை வாங்கிப் பார்த்தார். அதன் நடுவில் நான் வைத்த குங்குமப் பொட்டு இருந்தது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பையைத் தரையில் வைத்துவிட்டு, பிள்ளையைச் சுற்றத் துணி கேட்டார்.

பிற்பாடு ஒரு தடவை நானாகவே அந்தப் பேச்சை எடுத்தேன். "ஒங்கள மட்டும் சொல்லி என்ன? நானுந்தான நின்னேன். ஒரு கல்லை எடுத்துப் பூட்டை ஒடைச்சிருக்கலாம்ல? எனக்கும் உத்தரவு கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சு" என்றார். அந்தப் பொட்டை அவர் அழிக்கவே இல்லை. ஒரு முஸ்லிம் நர்ஸின் பையில் குங்குமம் என்ன என்று யாராவது கேட்டால், "அது எனக்கு ஞாபகத்துக்கு" என்பார்.

பூஜைக்கு அடுத்த வாரம், டாக்டர் திரும்பி வருவதற்கு முன்பே, அவர் என் மேஜைக்கு வந்தார். வழக்கமான கேலி இல்லை. "சாவி" என்றார். இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு மாட்டு வண்டி பிடித்து, பன்னிரண்டு பெட்டியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சிக்கல், உத்தரகோசமங்கை என்று ஊர் ஊராகப் போய், மருத்துவச்சிகளை உட்கார வைத்து, தண்ணீர் எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும், நகத்தை எப்படித் தேய்க்க வேண்டும் என்று செய்து காட்டி, ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு வந்தார். விழா இல்லை, மாலை இல்லை, படம் இல்லை.

டாக்டர் வந்தார். ஸ்டோர் ரூமைப் பார்த்தார். குதித்தார். விசாரணை வைத்தார். பெட்டி எப்படி வெளியே போனது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். எனக்கு வீட்டில் கல்யாணம் ஆகாத இரண்டு தங்கைகள். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த முத்து எழுத்தில், "எனக்குத் தெரியாமல் சாவி எடுக்கப்பட்டது" என்று எழுதிக் கொடுத்தேன். தூ! இதை எழுதும்போது எனக்கே என்னைத் துப்பத் தோன்றுகிறது.

நர்சம்மாவை உள்ளே கூப்பிட்டு அதைப் படித்துக் காட்டினார்கள். உண்மையா என்று கேட்டார்கள். "கிளார்க்கு எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்" என்றார். வெளியே வந்ததும் நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். "எதுக்கு இப்படி முழிக்கிறீக? ஒங்களுக்கு வேலை போனா, அடுத்து வாரவன் சாவியே தர மாட்டான். நீங்க இங்கனயே இருங்க. ஆனா இனிமே எந்த நர்சு வந்து கேட்டாலும் ஏன் எதுக்குன்னு கேக்காமக் குடுக்கணும்" என்றார். அவ்வளவுதான். தன் பெயருக்கு என்ன ஆகும் என்று அவர் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

அவரை நயினார்கோவில் பக்கம், தண்ணீருக்கே ஒரு மைல் நடக்க வேண்டிய ஊருக்கு மாற்றினார்கள். அவருடைய பணிப் பதிவேட்டில், அனுமதியின்றிச் சாமான்களை அகற்றியவர் என்று ஒரு வரி ஏறியது. அதனால் கடைசி வரை பதவி உயர்வு கிடையாது. அதே மாதம் வெளிநாட்டுச் சங்கத்துக்கு ஓர் அறிக்கை போனது. டாக்டரின் நேரடி மேற்பார்வையில் பன்னிரண்டு பெட்டிகளும் கிராமங்களில் வழங்கப்பட்டுவிட்டன என்று அதில் இருந்தது. அங்கிருந்து அவரைப் பாராட்டிக் கடிதம் வந்தது, கண்ணாடி போட்டு மாட்டினார். ஒரே வண்டி, ஒரே பன்னிரண்டு பெட்டி! ஒருத்தர் பதிவேட்டில் அது குற்றம், இன்னொருத்தர் சுவரில் அது சாதனை. அந்த வரியை எழுதியதும் அறிக்கையை டைப் அடித்ததும் நான்தான்.

இத்தனை வருஷமும் இதை விழுங்கிக்கொண்டு இருந்துவிட்டேன். ஆயுத பூஜைக்கு நர்சுகளின் பையை நான் வாங்குவதில்லை, அந்த அறையைப் பூட்டுவதில்லை. அதையே பெரிய பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொண்டேன். இரங்கல் கூட்டத்தன்றும் விழுங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். வராந்தாவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். உத்தரகோசமங்கைப் பக்கத்து மருத்துவச்சி குருவம்மாள். உள்ளே வா என்று அவரை யாரும் அழைக்கவில்லை. மடியில் அந்த அலுமினியப் பெட்டி. மூலையெல்லாம் நசுங்கியிருந்தது, ஆனால் பளபளவென்று துலக்கியிருந்தது.

"அய்யா, இதுல எத்தனையோ புள்ளைகளுக்குக் கொடி அறுத்திருக்கேன். ஒரு தாயக்கூட ஜன்னிக்குக் குடுக்கல. அவுக குடுத்த பெட்டி. இது திருட்டுப் பெட்டின்னு ஒங்க ஆபீசு ஆளுக சொல்றாக. இப்ப அவுகளும் போயிட்டாக. திருப்பிக் குடுத்துரணுமாய்யா?"

"வேண்டாம்மா. அது திருட்டுப் பெட்டி இல்ல. சாவிய நான்தான் குடுத்தேன்" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வாய் விட்டுச் சொன்னேன்.

குருவம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அத அவுக உசுரோட இருக்கையில சொல்லியிருக்கலாமேய்யா" என்றார். பெட்டியை முந்தானையால் துடைத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

நர்சம்மாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சாவி ஒன்றுதான். பெட்டிகளைக் கொடுத்து முடித்த அன்று மாலை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அறைக்குப் பூட்டு மாற்றியாகிவிட்டது, அது இனி எதையும் திறக்காது. அவர் பதிவேட்டில் உள்ள அந்த ஒரு வரியை நீக்கச் சொல்லி நேற்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். தங்கைகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, வேலை போனால் போகட்டும். அன்று நான் எழுதிக் கொடுத்தது பொய். ரஹ்மத் பீவி எதையும் திருடவில்லை. அவர் கேட்டார், நான் கொடுத்தேன். சந்தேகம் இருந்தால் பழைய காகிதத்தையும் புதிய காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். இரண்டும் ஒரே கையெழுத்துத்தான்.