வெள்ளிக்கிழமை எண்ணிய பயணிகள்

ஆம்பூர் டிப்போவின் போக்குவரத்துப் பிரிவில் நான் வேலை பார்த்தது தொண்ணூறுகளில். அப்போது எங்கள் டவுன் பஸ்களில் ஒன்று விடியற்காலையில் மாதனூர்ப் பக்கம் போய், நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, தரைப்பாலம் வழியாகப் பாலாற்றுக்குள் நுழையும். ஆறு அந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்து மறுபடி ஒன்று சேர்கிறது. நடுவே மேட்டு நிலத்தில் ஒரு ஊர். தண்ணீர் வருவது அபூர்வம்தான். வந்துவிட்டால் ஊர் தீவு. அதனால் டிப்போவில் எவரும் அதன் பெயரைச் சொல்வதில்லை. "நாளைக்கு சிலோன் ட்ரிப் யாருப்பா?" என்றுதான் கேட்பார்கள்.

அந்த முதல் ட்ரிப்பில் ஊரின் ஆண்கள் தோல் பதனிடும் டேனரிகளுக்குப் போவார்கள். இரண்டு படிகளிலும் தொங்குவார்கள். உள்ளே ஜன்னல் வழியாகப் போட்ட துண்டுகளே பாதி சீட்டுகளைப் பிடித்திருக்கும்.

ஒருநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "அந்த வண்டிய வேலூர் ரோட்டுல விட்டா கலெக்‌ஷன் பிச்சிகினு போவும். ஒரு காலைல போய் லோடு எவ்ளோன்னு பாத்து எழுதுங்க" என்றார். எந்த நாள் என்று சொல்லவில்லை. நான் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன்.

எங்கள் பக்கத்து டேனரிகளுக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். நான் பொருளாதாரம் படித்தவன். எந்த நாளில் எண்ணினால் என்ன விடை கிடைக்கும் என்று தெரியாமல் போகவில்லை. என் வீடு வேலூரில் இருந்தது. தினமும் நீண்டதூர வண்டிகளில், ஓசியில் வருகிறவன் என்ற கண்டக்டர்களின் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டு, நின்றபடியே ஆம்பூர் வருவேன். இந்த வண்டி காலையில் வேலூரிலிருந்து கிளம்பினால் எனக்கு உட்கார இடம் கிடைக்கும். என் காரணம் இவ்வளவு சின்னது.

"இன்னா சார், சிலோனுக்குப் பாஸ்போர்ட் எடுத்துட்டீங்களா?" என்று சிரித்தார் அன்றைய கண்டக்டர். பிறகு என் கையிலிருந்த தாளைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "இன்னிக்கா எண்றீங்க? நாளைக்கு வாங்க சார். நிக்கவே எடம் இருக்காது."

"இன்னிக்குத்தான் எனக்கு ஆபீஸ்ல வேலை கம்மி."

அவர் விசில் கொடுத்தார். ஊரில் சிலர்தான் ஏறினார்கள். எண்ணினேன். உண்மையான எண்ணிக்கையைத்தான் எழுதினேன், ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. கிழமையை மட்டும் எழுதவில்லை.

அடுத்த மாதமே அந்த ட்ரிப் நின்றது. மத்தியானம் ஒரு வண்டி மட்டும் போய் வந்தது. பின்னாளில் அதுவும் இல்லை. டேனரி ஆட்கள் சைக்கிளுக்கு மாறினார்கள். டிப்போவுக்கு வந்து கேட்டது ஒரே ஒரு பெண். முப்பது வயதிருக்கும். ஆம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில் உதவியாளர்.

"எனக்கு ஏழு மணிக்கு ட்யூட்டி சார். நான் போனாதான் நைட்டு பாத்தவங்க வீட்டுக்குப் போவாங்க. ட்ரெய்னிங் எடுத்து சேந்த வேலை சார் அது."

"மேலேர்ந்து ஆர்டர்ம்மா" என்றேன்.

"மேலன்னா எங்க சார்? சொல்லுங்க, நான் போய்க் கேக்கறேன்."

பக்கத்து மேஜைக்காரர் தலையைத் தூக்கினார். "ரோட்டுல ஷூ கம்பெனி பஸ்ஸு காலியாத்தானேம்மா போவுது? அதுல தொத்திக்கயேன்."

"அது கம்பெனி கார்டு இருக்கறவங்களுக்கு சார். கேட்டுப் பாக்காமலா இங்க வந்தேன்?"

அவள் போன பிறகு அவர், "சிலோன்காரி பேஜார் புடிச்சவ" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் விழுகிறது.

சில மாதங்கள் அவள் இருட்டில் நெடுஞ்சாலை வரை நடந்து, லாரியோ ஷேர் ஆட்டோவோ பிடித்து, அடிக்கடி தாமதமாகப் போயிருக்கிறாள். பழைய கண்டக்டர்தான் சொன்னார். "ஆஸ்பத்திரி வேலைய வுட்டுட்டு ஷூ கம்பெனில சேந்துட்டாங்க சார். கம்பெனி பஸ்ஸு இப்ப ஊருக்குள்ளயே வருது." அதை அவர் சொன்னபோது நாங்கள் இருவரும் வேலூர் ரோட்டுக்கு மாற்றிய அதே வண்டியில் இருந்தோம். எனக்கு ஜன்னலோரச் சீட்டு. ஓய்வு பெறும்வரை அதில்தான் வந்தேன்.

ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் கழித்து, ஒரு சாயங்காலம் அந்த ஊருக்குப் போனேன். நெடுஞ்சாலையில் இறங்கி ஆட்டோ பிடித்து, ஊர் முனையில் காத்திருந்தேன். கம்பெனி பஸ் வந்தது. பெண்கள் சாப்பாட்டுப் பைகளோடு இறங்கினார்கள். அவள் கடைசியில் இறங்கினாள். முடி நரைத்திருந்தது. ஷூ ஒட்டும் பசையின் நெடி அவள்மேல் வீசியது.

என்னை அடையாளம் தெரிந்ததா என்று முகத்தில் காட்டவில்லை. நானே சொன்னேன்.

"உங்க பஸ்ஸ நிறுத்தினது மேலேர்ந்து வந்த ஆர்டர் மட்டும் இல்லம்மா. நான் வெள்ளிக்கிழமையா பாத்து வந்து எண்ணிட்டுப் போனேன். தெரிஞ்சேதான் வந்தேன்."

அவள் பையைத் தோள் மாற்றினாள்.

"தெரியும் சார். அன்னிக்கு நானும்தான் அந்த பஸ்ல இருந்தேன். ஆஸ்பத்திரிக்கு ஏது வெள்ளிக்கிழமை? பேனாவ நீட்டி நீட்டி எண்ணினீங்க. என்னையும் சேத்துத்தான்."

அன்றைக்கு பஸ்ஸில் எண்ணியவர்களில் அவள் முகத்தை நினைவில் தேடினேன். கிடைக்கவில்லை.

"எதுக்கு எண்றாங்கன்னு கண்டக்டரக் கேட்டேன். அவரு வேற பக்கம் பாத்துகினு போய்ட்டாரு. இன்னொரு பஸ் வுடப் போறாங்கன்னு நானே நெனச்சிக்கினேன். வீட்லயும் போய்ச் சொன்னேன்."

"இப்ப வேலை எப்படி?" என்று ஏதோ கேட்டுவைத்தேன்.

"ஒண்ணும் கொறையில்ல. கொழந்தைங்க அழற சத்தம்தான் இல்ல." பிறகு கொஞ்சம் கவலையோடு, "நீங்க எப்பிடி சார் திரும்பிப் போவீங்க? ஆட்டோவ அனுப்பிட்டீங்களா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டிருந்த டிரைவரிடம் போனாள். "யப்பா, பெரியவர ரோட்டுல எறக்கி வுட்டுடேன்."

"வெளியாள ஏத்தினா என் வேலை போய்டும்க்கா."

"பரவால்லம்மா, நடக்கறேன்" என்று கிளம்பினேன். தரைப்பாலத்தில் மணல் ஏறிக் கிடந்தது. செருப்புக்குள் புகுந்து உறுத்தியது. பாதி தூரத்தில் காலி பஸ் என்னைக் கடந்தது. இந்த வழியில்தான் அவள் விடியுமுன் ட்யூட்டிக்கு நடந்திருக்கிறாள், நான் வேலூரில் இடம் பிடித்து உட்கார்ந்த அதே நேரத்தில். நெடுஞ்சாலை வந்து சேர்வதற்குள் நன்றாக இருட்டிவிட்டது.